ஐப்பசி வந்தால் ஜன்னல் மூடாது

மழை தொடங்கினால் போதும், எங்கள் வீட்டு மர ஜன்னல் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஈரத்தைக் குடித்த மரம் குறுக்குவாக்கில் உப்பிவிடுகிறது. நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் கதவு பக்கவாட்டில் சட்டத்தோடு உரசுகிறது. சாரல் உள்ளே அடிக்கிற அன்றைக்குத்தான் மூடாது என்பது தனிக் கொடுமை.

கார்பென்டரைக் கூப்பிட்டால் வந்தவுடன் இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவித் தள்ளுகிறார். இப்போது சீவினால் பங்குனியில் மரம் சுருங்கி இடைவெளி விழும், கொசு வரும் என்றால், "அப்போ பாத்துக்கலாம் சார்" என்கிறார். அப்போது ஃபோனையே எடுக்க மாட்டார்!

இதில் பெயின்டருக்கும் பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரிகிற இரண்டு முகத்துக்கும் பளபளவென்று எனாமல் அடித்துவிட்டு, கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் வெறும் மரமாக விட்டுவிடுகிறார்கள். கதவின் இரு பக்கமும் செங்குத்தாக நிற்கிற நெடுக்குச் சட்டத்தின் வெட்டு முனை, அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முகம், இருப்பது அங்கேதான். தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதும் அதுதான். கதவைக் கழற்றினால்தான் கீழே பிரஷ் போகும். கழற்றச் சொன்னால் அதற்குத் தனிக் கூலியாம். சரி, நாமே கழற்றலாம் என்றால் கீலில் இருக்கிற ஸ்க்ரூவெல்லாம் துருப்பிடித்துத் தலை தேய்ந்து கிடக்கிறது, திருப்புளி வழுக்கிக்கொண்டே இருக்கிறது.