கெல்லி மாளிகை கோட்டை இல்லை அண்ணே

"பத்து காஜா கெல்லி காசல் வெள்ளைக்காரன் கருங்கல்லில் கட்டிய ராணுவக் கோட்டை, துரை அங்கேயே விஷக்காய்ச்சலில் செத்தார்" என்று உங்கள் பதிவில் போட்டிருக்கிறீர்கள் அண்ணே. கோட்டையே இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா கெல்லாஸ் தோட்டத்து ரப்பர் துரை வில்லியம் கெல்லி சுமித் 1915இல் தன் குடும்பத்துக்காகத் தொடங்கிய வீடு. கருங்கல்லும் இல்லை, செங்கல். பூச்சு உதிர்ந்த சுவரைப் பார்த்தாலே தெரியும். லிஃப்டுக்குக்கூட இடம் விட்டிருந்தார்!

1918 வாக்கில் உலகெங்கும் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் வாரிக்கொண்டுபோனது, வீடு கட்ட மதராஸிலிருந்து வந்த நம் தொழிலாளிகளை. துரை இறந்தது 1926இல், லிஸ்பனில், நிமோனியாவில். வீடு அரைகுறையாக நின்றுபோனது. பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில், தொப்பி போட்ட துரையென்று சொல்லும் சிலை இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், பேய்க்கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.