அத்தையின் அட்டிகையும் புலனத்தில் வந்த மருந்தும்

"தைராய்டு புற்றுநோயை ஒழிக்கும் அணுக்கள் வந்துவிட்டன, அனைவருக்கும் பகிருங்கள்!" எங்கள் குடும்பப் புலனக் குழுவில் போன வாரம் மட்டும் இது மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை வந்ததும் பட்டர்வொர்த்திலிருந்து மாமா அழைத்தார். "ஏம்மா, அத்தைக்கு இதைக் கொடுத்திருக்கலாமோ?"

அத்தைக்கு வந்தது அனாபிளாஸ்டிக் வகை. தைராய்டு புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் அது. மற்ற வகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கதிரியக்க அயோடின் கைகொடுக்கும். இது அயோடினைச் சீண்டவே சீண்டாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது அத்தையின் அட்டிகைக் கொக்கி எட்டவில்லை. இழுத்து மாட்டிவிட்டவள் நான். "சதை போட்டுவிட்டேன்" என்று சிரித்தார். மூன்றே வாரத்தில் குரல் கம்மியது. பங்குனி உத்திரத்துக்குள் கஞ்சிகூட இறங்கவில்லை.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. அது சொல்லும் கார்-டி என்ற சிகிச்சை உண்மைதான். நோயாளியின் இரத்தத்திலிருந்து நோயை எதிர்க்கும் டி அணுக்களைப் பிரித்து, புற்றணுவை அடையாளம் காணும் மரபணுவைப் புகுத்தி, பெருக்கி, மறுபடி உடம்பில் ஏற்றுவார்கள். இரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2017இலேயே அனுமதி கிடைத்தது. தைராய்டுக்கு அங்கே முதல் கட்டச் சோதனைக்கு வந்தது ஏஐசி100 என்ற கார்-டி. புற்றணுக்களில் இருக்கும் ஐகேம்-1 என்ற புரதத்தைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. அந்தப் புரதம் நல்ல அணுக்களிலும் கொஞ்சம் உண்டு. அதனால் புரதம் மண்டிக் கிடக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும்படி ஏஐசி100இன் பிடியை வேண்டுமென்றே தளர்த்தியிருக்கிறார்கள். என்ன மூளை!

ஆனால் முதல் கட்டம் என்றால், எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. அணுக்களைத் தயாரிக்கவே வாரக்கணக்கில் ஆகும். அத்தையிடம் வாரங்கள்தாம் இல்லை.

பகிர்ந்தே தீருவேன் என்பவர்கள் பிராஃப் மரபணுச் சோதனையைப் பகிருங்கள். கட்டியிலிருந்து எடுத்த சதையில் அந்த மரபணுவில் வி600இ என்ற மாற்றம் தெரிந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்து வாயாலேயே உட்கொள்ளலாம். அத்தைக்கு வந்த இதே வகைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. எல்லாருக்கும் பொருந்தாது, விலையோ தலையைச் சுற்றும். அத்தைக்குச் சதை எடுத்த நாளில் இப்படியொரு சோதனை இருப்பதாக எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தெரியவில்லை.

இதைத்தான் மாமாவிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று மீண்டும் அழைத்தார். கோயிலில் பார்த்த ஒருவரின் அண்ணனுக்குக் கழுத்தில் கட்டியாம், குரலும் மாறிவிட்டதாம். பேனா எடுத்து வைத்திருந்தார். "அந்தச் சோதனையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லம்மா."