3 வருடம் ஆனால் கார்டு கடன் அழியாது

"3 வருடம் ஓட்டிவிட்டால் கிரெடிட் கார்டு கடன் தானாகவே ரத்து" என்று பலர் சொல்வது பாதிதான் சரி. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, 3 வருடத்துக்குப் பிறகு வங்கி வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. கடன் அப்படியேதான் இருக்கும். அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் அங்கே கை வைக்கவும் பார்ப்பார்கள். கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் (CIBIL) பதிவும் சட்டென்று மறையாது.

அந்த 3 வருடமும் ஒரே நேர்கோட்டில் ஓடுவதில்லை. கெடு முடிவதற்குள் "பாக்கி உண்டு, அவகாசம் கொடுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் (பிரிவு 18). கெடுவுக்குள் கொஞ்சம் பணம் கட்டி, அதற்கு உங்கள் கையெழுத்துள்ள சான்றும் இருந்தால் அதே கதை (பிரிவு 19). வங்கி தன் கணக்கில் 'ரைட் ஆஃப்' (வராக்கடன் என்று தள்ளி எழுதுவது) போடுவதற்கும் இந்தக் கெடுவுக்கும் சம்பந்தமே இல்லை.

பலர் மாட்டுவது கெடு முடிந்த பிறகுதான். செட்டில்மென்ட் என்று வசூல் ஏஜென்ட் நீட்டும் தாளில் "கட்டுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3)-இன்படி அது புது ஒப்பந்தம். செத்த கடனுக்கு உயிர் வந்துவிடும். கடைசியாகக் கட்டிய தேதியை ஸ்டேட்மென்டில் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

சம்மன் வந்தால் காலாவதி என்று ஒதுக்காதீர்கள், ஆஜராகிச் சொல்லுங்கள். போகாமல் விட்டு எக்ஸ்பார்ட்டி டிக்ரி (நீங்கள் இல்லாமலேயே வரும் தீர்ப்பு) ஆனால், அதை நிறைவேற்ற 12 வருட அவகாசம் உண்டு.