மூன்று தடுப்பு, ஒரே லோரி

குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று சைட்டுக்கு சைட் பலகை மாட்டச் சொல்கிற புண்ணியவான் யாரோ, அவர் இன்று மத்தியானம் கோலாலம்பூர் செகாம்புட்டில் எங்கள் கட்டுமான சைட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

மரத்துக்கு ஒரு தடுப்பு, கல்லுக்கு ஒன்று, ஜிப்சம் பலகைக்கு ஒன்று. மீந்த பிளைவுட்டில் நாங்களே அடித்தது. வேலையாட்கள் நாசி லெமாக் பொட்டலத்தைக்கூடத் தனியாகக் கட்டிப் போடப் பழகிவிட்டார்கள். அதற்கு எவ்வளவு தொண்டை கிழிந்திருக்கும் என்று சூப்பர்வைசர் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இரும்பு நகம் வைத்த லோரி வந்தது. டிரைவர் முதலில் மரத்தை அள்ளினார். சரி. அப்புறம் நகம் பக்கத்துத் தடுப்புக்குப் போனது. ஒரு பிடி செங்கல் உடைசல், நேராக மரத்தின் தலையில். தெரியாமல் செய்திருப்பார் என்று கையைக் காட்டினேன். அவரும் பதிலுக்குக் கையைக் காட்டினார், தைப்பூசக் கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. அடுத்தது ஜிப்சம். நகம் மெதுவாக இறங்குகிறது. பலகை நொறுங்குகிறது. வெள்ளைத் தூசி என் சட்டை வரைக்கும் வருகிறது. நகம் மேலே போய் அந்தரத்தில் ஒரு நொடி நிற்கிறது. மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன். தொப்!

"அண்ணே, என்ன பண்றீங்க? பிரிச்சுல்ல வெச்சிருக்கோம்!"

"எல்லாம் ஒரே குழிக்குத்தான் போவுது தம்பி. நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?"

கேட்டீர்களா கரிசனத்தை! சுத்தமான கான்கிரீட் உடைசலை நொறுக்கினால் சாலைக்கு அடியில் கொட்டலாம். அதிலே ஜிப்சம் கலந்தால் எவன் தொடுவான்? அதே ஜிப்சம் மற்ற குப்பையோடு காற்றில்லாத குழியில் ஈரத்தில் ஊறினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. சட்டம் இல்லாமலும் இல்லை. 2007-இல் வந்த திடக்கழிவுச் சட்டம் 672, கட்டுமானக் கழிவையும் சேர்த்தே பேசுகிறது. கோலாலம்பூரில் 2011 முதல் நடப்பில் இருக்கிறது. பக்கத்து மாநிலமான சிலாங்கூர் அதை ஏற்கவில்லை. செகாம்புட்டிலிருந்து சிலாங்கூர் எல்லை ஒன்றும் தூரமில்லை. லோரி எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

சாயங்காலம் ஹெட் ஆபீசிலிருந்து வாட்ஸ்அப்: "இந்த மாதம் கழிவைக் குறைக்கவும்." பக்கத்தில் ஒரு பச்சை இலைப் படம் வேறு.

குறைக்கலாமே! குளியலறை டைல்ஸ் மூன்று மாடி ஒட்டி முடித்த பிறகு, "இந்தச் சாம்பல் வேண்டாம், அந்தச் சாம்பல்" என்று உடைக்கச் சொன்னது யார்? நானா? ஸ்டோர் கட்டுவதற்கு முன்பே 50 கிலோ சிமெண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியது யார்? கே.எல். சாயங்கால மழை யாரைக் கேட்டுப் பெய்கிறது? மூட்டை மூட்டையாகக் கல்லாகிவிட்டது. டெண்டரில் ஐ.பி.எஸ்., ஐ.பி.எஸ். (IBS, தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து கட்டும் முறை) என்று முழங்கினார்கள். சுவர்ப் பலகையெல்லாம் தொழிற்சாலையிலேயே செய்து வருமாம், சைட்டில் வெட்டல் ஒட்டலே இருக்காதாம். வேலை கிடைத்ததும் "விலை கூட" என்று பழையபடி பலகை அடித்து கான்கிரீட் ஊற்றுகிறோம். குப்பை உருவாவது அந்த ஏசி ரூம் மீட்டிங்கில். பெருக்க மட்டும் நான்.

இரும்பில் மட்டும் ஒரு துண்டு வீணாவதில்லை, கவனித்தீர்களா? காசு இருக்கிறதே! பூட்டிவைத்தாலும் ராத்திரியில் காணாமல் போகிறது. ஜிப்சத்தைத் திருட ஒருவன் வந்தால் நானே கேட்டைத் திறந்து, பிடித்துத் தூக்கியும் விடுவேன்.

சரி, தலைவலிக்கு ஒரு தே தாரிக் குடிக்கலாம் என்று மாமாக் கடைக்குப் போனால், வெறும் சுடுதண்ணீருக்கும் காசு போட்டு பில் வருகிறது. கேட்டால் கப்புக்காம். கப்பை நான் வீட்டுக்கா எடுத்துப் போகிறேன்?