நன்றி வாசித்தது போதும், பத்திரத்தை எடுங்கள்

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இப்போது எந்தக் கூட்டம் தொடங்கினாலும் முதலில் ஓர் அறிவிப்பு வாசிக்கிறார்கள். நாம் கூடியிருக்கும் இந்த இடம் ஓலோனி மக்களின் பூர்வீக மண், அவர்களுக்கு நம் நன்றி என்று நாலு வரி. பள்ளி விழா, நகரசபை, ஆபீஸ் மீட்டிங் என்று எல்லா இடத்திலும் உண்டு. வாசித்து முடிந்ததும் எல்லாரும் ஒரு கணம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, அப்புறம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே ஒட்டவில்லை. அடுத்தவர் வீட்டில் புகுந்து உட்கார்ந்துகொண்டு, தினமும் காலையில் "வீடு உங்களுடையதுதான், தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போவது என்ன மரியாதை?

அதனால்தான் ஓக்லாந்தில் இருக்கும் சொகோரியா டே நில அறக்கட்டளையை எனக்குப் பிடித்திருக்கிறது. பழங்குடிப் பெண்கள் நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பு. அவர்கள் நன்றி கேட்கவில்லை. நிலப் பத்திரம் கேட்கிறார்கள்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக, இதே பே ஏரியாவில் இருக்கும் ஃப்ரீமான்ட் ஊரின் கதை கொஞ்சம். இங்கே வீடு தேடிய எந்தத் தமிழ்க் குடும்பத்திடமும் கேட்டுப் பாருங்கள், "மிஷன் ஸ்கூலா?" என்பதுதான் முதல் கேள்வி. மிஷன் சான் ஹோசே உயர்நிலைப் பள்ளியின் எல்லைக்கு உள்ளே ஒரு விலை, தெருவைத் தாண்டினால் வேறு விலை. அந்த மிஷன் எது? 1797இல் ஸ்பானியப் பாதிரியார்கள் கட்டிய மதப்பரப்பு நிலையம். சுற்றுவட்டார ஓலோனி மக்களை ஞானஸ்நானம் கொடுத்து உள்ளே கொண்டுவந்து, வயலிலும் மாட்டுப் பட்டியிலும் வேலை வாங்கினார்கள். அம்மையும் பிற நோய்களும் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. வாஷிங்டன் புலவார்டில் அந்த மிஷன்காலத்து இடுகாடு இன்னும் இருக்கிறது, சுமார் 4,000 ஓலோனியர் புதைக்கப்பட்ட இடம். பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போகும் வழியில் பாதிப் பேர் அதைக் கடந்துதான் போகிறோம். ஊர்க் கல்லூரிக்கே ஓலோனி காலேஜ் என்று பெயர். பெயருக்குப் பஞ்சமில்லை.

இந்த மண் அமெரிக்காவின் கைக்கு வந்த பிறகு நடந்ததும் நல்ல கதை இல்லை. 1851, 52இல் கலிஃபோர்னியப் பழங்குடிகளோடு 18 ஒப்பந்தங்கள் போட்டார்கள். நிலம் ஒதுக்குவோம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். செனட் ஒப்புதல் தரவில்லை. தரவில்லை என்பதோடு விடாமல், அந்தத் தாள்களை 1905 வரை ரகசியமாகவே வைத்திருந்தது. 1925இல் பெர்க்லியின் புகழ்பெற்ற மானுடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபர், இந்த மக்கள் நடைமுறையில் அழிந்துவிட்டார்கள் என்கிற மாதிரி எழுதிவைத்தார். அவர் எழுதியபோது அவர்கள் பிளசன்டன் பக்கத்தில் உயிரோடு, குடும்பம் குட்டியோடு இருந்தார்கள். இன்று அமெரிக்காவில் 570க்கும் மேற்பட்ட பழங்குடி அரசுகளுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் உண்டு. ஓலோனி அமைப்பு ஒன்றுக்குக்கூட இல்லை. அங்கீகாரம் இல்லை என்றால் ஒதுக்கீட்டு நிலம் இல்லை, அரசோடு அரசாக உட்கார்ந்து பேசும் தகுதியும் இல்லை.

இந்தத் தகுதி விஷயம் எவ்வளவு பெரியது என்பது 2011இல் வலேஹோவில் தெரிந்தது. நீரோரத்தில் சொகோரியா டே என்ற பழைய இடுகாட்டு நிலத்தில் கார் நிறுத்துமிடமும் கழிப்பறையும் கட்ட ஏற்பாடு நடந்தது. பழங்குடிகளும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் அங்கேயே முகாம் போட்டு 109 நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒப்பந்தம் வந்தது. ஆனால் உள்ளூர் நிர்வாகத்தோடு கையெழுத்துப் போட்டவர்கள், அங்கீகாரம் பெற்ற இரண்டு வின்டுன் பழங்குடி அரசுகள். போராட்டத்தின் முன்வரிசையில் இருந்த கொரினா கூல்டின் ஓலோனி மக்களுக்குக் கையெழுத்துப் போட இடமே இல்லை.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் அறக்கட்டளை. கொரினா கூல்டும் ஜொனெல்லா லரோஸும் சேர்ந்து அதைத் தொடங்கி, போராடிய இடத்தின் பெயரையே வைத்தார்கள். பழங்குடி என்ற முறையில் வாங்க முடியாத நிலத்தை, வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனம் என்ற முறையில் வாங்கலாம், வைத்திருக்கலாம், பராமரிக்கலாம். 2004இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த ஒரு சட்டமும், மத்திய அங்கீகாரம் இல்லாத பழங்குடிகளுக்கு நிலப் பாதுகாப்பு உரிமைகளை வைத்துக்கொள்ள வழி திறந்திருந்தது. தன் பாட்டன் மண்ணைத் தொடுவதற்கு ஒரு இனம் போர்டு மீட்டிங் நடத்தி, வருடாவருடம் வரித்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் விட்டுவைத்த ஒரே கதவு அதுதான் என்றால் அதில் நுழைவதுதான் புத்தி.

சரி, சிப்பி மேடுகளுக்கு வருவோம். இதைத்தான் நம்மவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வளைகுடாவைச் சுற்றி ஓலோனி முன்னோர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய மேடுகள் இருந்தன. சாப்பிட்ட சிப்பி, மட்டி ஓடுகள், அடுப்புச் சாம்பல், மண், அதற்குள் இறந்தவர்களின் உடல்கள் என்று அடுக்கடுக்காக எழுந்தவை. நெல்ஸ் நெல்சன் என்ற தொல்லியலாளர் கரையோரம் நடந்து ஆய்வு செய்து 1909இல் வெளியிட்ட கணக்கில் 425 மேடுகள் வந்தன. எமரிவில்லில் இருந்ததற்கு 60 அடி உயரம். அதன் உச்சியில் ஒரு நடன மண்டபம் கட்டி, சுற்றிலும் கேளிக்கைப் பூங்கா நடத்தினார்கள். 1924இல் மேட்டை இடித்துத் தரைமட்டமாக்கித் தொழிற்சாலை கட்டினார்கள். அதுவும் போன பிறகு மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புகள் வந்தன. அப்போதும் நிற்கவில்லை. 2002இல் அங்கே பே ஸ்ட்ரீட் மால் திறந்தது. பக்கத்துத் தெருவுக்கு ஷெல்மவுண்ட் ஸ்ட்ரீட், அதாவது சிப்பி மேட்டுத் தெரு, என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் நன்றிநவிலல் விழாவுக்கு மறுநாள், தள்ளுபடிக்குக் கூட்டம் அலைமோதும்போது, அந்த மால் வாசலில் பழங்குடிகள் நின்று "இது இடுகாடு" என்று சொல்வார்கள். நாம் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவோம். கீழடியில் 2,600 வருடத்துப் பானை ஓடு கிடைத்தால் இரவெல்லாம் ஸ்டேட்டஸ் போடும் நாம்தான். ஆதிச்சநல்லூர்த் தாழிகளை 1876இல் ஒரு ஜெர்மானியர் பெர்லினுக்குக் கொண்டுபோனதை இன்றும் மறக்காத நாம்தான்.

மேற்கு பெர்க்லியில் இருந்தது இன்னும் பழையது, 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்த மேட்டை வெட்டி எடுத்து உரமாகவும் சாலை போடவும் பயன்படுத்தினார்கள். மிஞ்சிய இடம் ஃபோர்த் ஸ்ட்ரீட்டில் 2.2 ஏக்கர் தார் மைதானம், ஒரு மீன் உணவகத்தின் கார் பார்க்கிங்காக இருந்தது. நகரம் அதை 2000இலேயே பாரம்பரிய இடமாக அறிவித்திருந்தது. அதன்மேல் 260 வீடுகள் கொண்ட அடுக்குமாடி வேண்டும் என்று நிலத்தின் சொந்தக்காரர்கள் விண்ணப்பித்தார்கள். நகரம் மறுத்தது. வழக்கு. முதல் தீர்ப்பு நகரத்தின் பக்கம், மேல்முறையீட்டில் எதிர்ப் பக்கம்.

இங்கே எதிர்த்தரப்பு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. இந்த ஊரில் வாடகை கொடுத்தவனுக்குத் தெரியும், 260 வீடு என்றால் என்ன என்று. அந்தத் திட்டத்தில் பாதி வீடுகள் குறைந்த வருமானக்காரர்களுக்கு என்றார்கள். கண்ணுக்கு மேடே தெரியாத தார் மைதானத்துக்காக அதைத் தடுக்கலாமா? தடுக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டுப் பஞ்சம் உண்டாக்கியது 2.2 ஏக்கர் இடுகாடு இல்லை. ஊரின் பெரும்பகுதியில் அடுக்குமாடி கட்டவிடாமல் பல பத்தாண்டுகளாகச் சட்டம் போட்டுவைத்த வீட்டுக்காரர்கள். அவர்கள் தெருவில் ஐந்து மாடி எழுப்புவதை விட்டுவிட்டு, எதிர்த்துப் பேச ஆளில்லாதவர்களின் கல்லறைமேல் எழுப்புவது எந்த நியாயம்?

2024 மார்ச்சில் சமரசம் வந்தது. விலை 2 கோடியே 70 லட்சம் டாலர். நகரம் 15 லட்சம் போட்டது, மீதி முழுவதும் அறக்கட்டளை. அதில் 2 கோடி, ஹயாத் ஹோட்டல் குடும்பத்து வாரிசு ஒருவரின் அறக்கொடை அமைப்பிலிருந்து வந்தது. தாரைப் பெயர்த்து, பூமிக்கடியில் குழாயில் ஓடும் ஸ்ட்ராபெரி ஓடையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பாப்பிப் பூ மூடிய 40 அடி மேடு ஒன்றை எழுப்ப வேண்டும் என்பது அவர்கள் கனவு.

பிடுங்கிய நிலத்தைப் பிடுங்கப்பட்டவர்களே சந்தை விலைக்கு வாங்குவது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு கோடீஸ்வரக் குடும்பத்துக்கு மனம் இளகினால்தான் இன்னோர் இடுகாடு மீளும் என்ற நிலையும் ஆபத்தானது. நாளைக்கு அந்தக் குடும்பத்துக்கு வேறு ஆசை வரலாம். இதெல்லாம் தெரிந்தும் இந்த வழியை ஆதரிக்கிறேன். ஏனென்றால் சட்டம் இருந்தாலும் நடப்பதில்லை என்பதை நாம் ஊரிலேயே பார்த்தோம். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது 2016 வரை நீதிமன்றத் தடையில் கிடந்தது. இங்கே அப்படி ஒரு சட்டம்கூடக் கிடையாது. பத்திரம் கைக்கு வந்தால் மேயர் மாறினாலும் அது மாறாது. இதனால்தான் ஓக்லாந்து நகரம் 2022இல் வாக்கின் மில்லர் பூங்காவில் சுமார் 5 ஏக்கருக்கு நிரந்தர உரிமை கொடுத்ததைப் பாராட்டினாலும் முழுசாகக் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. பராமரிக்கலாம், சடங்கு செய்யலாம், பாடம் நடத்தலாம். ஆனால் அது உபயோக உரிமைதான்.

நிலம் எதற்கு, பண்பாட்டைப் பாட்டிலும் புத்தகத்திலும் காப்பாற்றலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஓக் மரக் கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் அவர்களுக்குச் சோறு. பொறுக்கி, காயவைத்து, ஓட்டை உடைத்து, உள்தோலை உரித்து, இடித்து மாவாக்கி, கசப்பு இறங்கும்வரை தண்ணீர் விட்டு விட்டு அலச வேண்டும். அப்புறம்தான் கஞ்சி. மரம் ஊரெல்லாம் நிற்கிறது, ஆனால் பூங்காவில் பொறுக்கினால் விதிமீறல். கூடை முடைகிறவர்கள் நிலை இன்னும் மோசம். வில்லோ மிலாறைப் பிளக்கும்போது ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடிப்பார்கள். சாலையோரத்திலும் காட்டிலும் களைக்கொல்லி அடித்திருந்தால் அது நேரே வாய்க்குள் போகிறது. கலிஃபோர்னியாவின் கூடை முடைவோர் 1990களில் சங்கம் அமைத்ததற்கு இந்த மருந்தடிப்பு ஒரு முக்கியக் காரணம். எந்த மருந்தும் அடிக்காத சொந்த இடம் இல்லாமல் அந்தக் கைவேலையை எந்த மியூசியத்தில் காப்பாற்றுவது? சொகோரியா டேவின் முதல் நிலம் கிழக்கு ஓக்லாந்தில், சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு நர்சரி மனமுவந்து கொடுத்த கால் ஏக்கர். அந்தத் துண்டு மண்ணில் மூலிகை வளர்க்கிறார்கள், சடங்குப் பந்தல் எழுப்பியிருக்கிறார்கள்.

மொழியும் அப்படித்தான். ஓலோனி மொழிகளில் ஒன்றான சோச்சென்யோவைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஹோசே குஸ்மான் 1934இல் இறந்தார். அவரிடமும் ஏஞ்சலா கோலோஸிடமும் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் எழுதி எடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் இன்றைய தலைமுறை மறுபடி பேசக் கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்றவர்களில் ஒருவரான வின்சென்ட் மெதினா தன் துணைவரோடு சேர்ந்து ஓலோனி உணவகம் நடத்துகிறவர். 2022இல் அதைப் பெர்க்லி பல்கலைக்கழக மானுடவியல் அருங்காட்சியக முற்றத்தில் திறந்தார்கள். க்ரோபர் பெயரைத் தாங்கியிருந்த கட்டிடம் அது. 2021இல்தான் பெயரை எடுத்தார்கள். அதே அருங்காட்சியகத்தின் பொறுப்பில் பழங்குடி முன்னோர்களின் எலும்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் 1990இலேயே வந்துவிட்டது.

ஒரு சர்ச்சையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முவெக்மா ஓலோனி என்ற அமைப்பு, இந்த மண்ணுக்கு உரிய இனம் நாங்கள்தான், அறக்கட்டளை எங்கள் சார்பில் பேச முடியாது என்கிறது. மத்திய அங்கீகாரத்துக்காகப் பல காலமாகப் போராடுகிறவர்கள், 2024இல் குதிரையேறி வாஷிங்டன்வரை போனார்கள். யார் உண்மையான வாரிசு என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒரு மக்களைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டால் மிச்சமிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நிரூபிக்கச் சொல்லி அடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். அதைக் காரணம் காட்டி நாம் காசு கொடுக்காமல் தப்பிப்பது சௌகரியமான நடுநிலை.

காசு என்றதும் ஷூமி நில வரிக்கு வருகிறேன். பெயர்தான் வரி, கட்டாயம் இல்லை. ஓலோனி மண்ணில் குடியிருக்கும் மற்றவர்கள் அறக்கட்டளைக்கு வருடாவருடம் கொடுப்பது. சொந்த வீடா வாடகையா, எத்தனை அறை என்று பார்த்து ஒரு தொகையை அவர்களே சொல்வார்கள். நம்மவர்களிடம் பேச்செடுத்தால் உடனே வருவது, "நாங்களா பிடுங்கினோம்? நேற்று விசாவில் வந்தவர்கள்." உண்மைதான், நாம் பிடுங்கவில்லை. ஆனால் பிடுங்கிய நிலத்தின் விலையேற்றம் நம் பத்திரத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் முன்பு வாங்கிய வீடு இப்போது எவ்வளவு என்று வாரம் ஒருமுறை ஸில்லோ என்ற வீட்டு விலைத் தளத்தில் பார்க்கிறவர்கள், அந்த நிலத்துக்கு ஒரு கதை உண்டு என்றதும் புதிதாக வந்தவர்கள் ஆகிவிடுகிறோம்.

கொடுக்கத் தெரியாதவர்களும் இல்லை நாம். ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோம். அதற்கு முன்பே பெர்க்லியில் ஓர் இருக்கை அமைய இந்தப் பகுதித் தமிழர்கள் பணம் போட்டார்கள். மொழிக்கு ஓர் இடம் வேண்டும், அதற்குக் காசு வேண்டும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

ஆகவே இங்குள்ள தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். வருகிற பொங்கல் விழாவில் அந்த நாலு வரி நன்றி அறிவிப்பை வாசிக்க வேண்டாம். டிக்கெட்டுக்கு ஒரு டாலர் கூட்டி, சேர்ந்த தொகையை ஷூமிக்கு அனுப்பி, ரசீதை மேடையில் காட்டுங்கள். சாப்பாட்டு டோக்கன் விலையை இரண்டு டாலர் ஏற்றியபோது யாரும் செத்துவிடவில்லை, இதற்கும் மாட்டோம். செயற்குழுவில் இதை யாராவது எடுத்துப் பேசத் தயார் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.