'ஓ' சேர்த்தால் ஸ்பானிஷ் ஆகிவிடாது

ஆங்கிலச் சொல்லின் கடைசியில் 'ஓ' சேர்த்தாலோ, 'ஷன்' என்பதைச் 'சியோன்' ஆக்கினாலோ ஸ்பானிஷ் வந்துவிடும், அகராதியே வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். புதிதாகப் படிப்பவர்கள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

'சியோன்' பாதி உண்மை. இரு மொழியிலும் லத்தீன் சொற்கள் ஏராளம் என்பதால் நேஷன் 'நாசியோன்' ஆகும். ஆனால் டிரான்ஸ்லேஷனுக்கே 'த்ரதுக்சியோன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

'ஓ' விதிதான் ஆபத்து. எக்ஸிட்டோடு 'ஓ' சேர்த்தால் கிடைக்கும் 'எக்ஸிதோ'வுக்கு வெற்றி என்று பொருள். வெளியேறும் வழி 'சலீதா'. கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, எம்பராஸ்டு என்பதை 'எம்பரசாதா' ஆக்கினால், கர்ப்பமாக இருக்கிறேன் என்றாகிவிடும்!

தொடர்களை அப்படியே பெயர்ப்பது இன்னும் மோசம். 'ஐ ஆம் ஹாட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'எஸ்தோய் கலியெந்தே' என்றால், காமம் மேலிட்டதாகவே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். புழுக்கத்துக்கு 'தெங்கோ கலோர்', அதாவது 'எனக்கு வெப்பம் இருக்கிறது'. வயதும் பசியும் இதே தெங்கோதான். பிடிக்கும் என்பதற்கு 'மே குஸ்தா'. நம் 'எனக்குப் பிடிக்கும்' போலவே 'எனக்கு' என்று தொடங்கும் அமைப்பு. இந்த இடங்களில் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழிலிருந்து யோசித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.