குன்றின் மேல் வீடு வாங்கும் முன் சரிவைப் போய்ப் பாருங்கள்

கோலாலம்பூரின் வடகிழக்கு விளிம்பில், ஒரு குன்றின் உச்சியில் எழவிருக்கும் நாற்பது மாடிக்கு மேற்பட்ட கொண்டோமினியத்தில் வீடு பதிவு செய்யலாமா என்று என் தம்பி மகளும் அவள் கணவரும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். இதே கேள்வியை நண்பர்கள் சிலரும் கேட்டு வருவதால், தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்குமாக இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன். அந்தத் திட்டத்தின் பெயரையோ மேம்பாட்டு நிறுவனத்தின் பெயரையோ நான் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருப்பது ஒரு கட்டடத்தைப் பற்றியது மட்டுமல்ல.

மலைவீட்டின் மீது மக்களுக்கு இருக்கும் ஆசை நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலு கிளாங் பக்கம் குன்றின் மேல் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு நான் அவ்வப்போது போவதுண்டு. அவர் வீட்டு வரவேற்பறையில் பகலில் மின்விசிறி சுழல்வதைப் பார்ப்பது அரிது. உயரம் நூறு மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. இருநூறு மீட்டர் குன்றில் அது ஒரு பாகைக்குச் சற்று மேல்தான். ஆனால் தடையின்றி வீசும் காற்றும் சேரும்போது, கீழே தார்ச்சாலைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு அது வேறொரு ஊராகவே தெரிகிறது. ஒரு பக்கம் இரட்டைக் கோபுரம், மறுபக்கம் கிள்ளான் கேட்ஸ் குவார்ட்ஸ் மலைமுகடு, இரவில் தொலைவில் பத்துமலைப் பகுதியின் விளக்குகள். காட்டை ஒட்டிய பக்கத்தில் அதிகாலையில் குரங்குகளின் குரலும் பறவைகளின் குரலும் கேட்கும். நகரத்துக்குள் வேலை, நகரத்துக்கு மேலே வீடு என்ற இந்த ஏற்பாட்டுக்காக ஒரு குடும்பம் கூடுதலாகச் சில லட்சம் ரிங்கிட் கடன் வாங்கத் துணிவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

மேம்பாட்டாளர்கள் தரப்பில் வைக்கப்படும் ஒரு வாதத்தையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். சரிவெங்கும் மண்ணை வெட்டிப் படிப்படியாகத் தளம் அமைத்து ஐம்பது பங்களாக்கள் கட்டுவதைவிட, ஒரே இடத்தில் ஆழமாகத் துளையிட்டு, கருங்கற்பாறைவரை தூண்களை இறக்கி, ஓர் உயர்ந்த கட்டடத்தை எழுப்புவது மலைக்குக் குறைவான காயத்தையே தரும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பாறையில் ஊன்றிய கோபுரம் தானாகச் சரிந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. ஆனால் கோபுரம் மட்டும் தனியாக மலையுச்சியில் நிற்பதில்லை. அதற்கு ஏறிச்செல்லும் சாலை வேண்டும், பல அடுக்குக் கார் நிறுத்துமிடம் வேண்டும், நீச்சல்குளத்துக்கான தளம் வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் மலை வெட்டப்படுகிறது; வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் எழுகிறது; அதன் மேலும் கீழும் வடிகால் ஓடுகிறது. வாங்குகிறவர் கையெழுத்திடும் பத்திரத்தில் சதுரடிக் கணக்கு இருக்கும், கார் நிறுத்துமிட எண் இருக்கும். வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சரிவைப் பற்றி அவர் கையில் எந்தத் தாளும் இருப்பதில்லை. என் கவலை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

ஹைலண்ட் டவர்ஸ் என்ற பெயரை இன்றைய இளம் தம்பதியர் பலர் கேள்விப்பட்டிருக்கலாம்; நடந்தது என்னவென்று அறிந்தவர்கள் குறைவு. உலு கிளாங், தாமான் ஹில்வியூவில் மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களாக அது நின்றது. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை மதியம், பல நாள் மழைக்குப் பிறகு, முதல் கட்டடம் அப்படியே சாய்ந்து விழுந்தது. 48 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் கான்கிரீட் தரம் குறைந்ததால் அது விழவில்லை. பின்னால் இருந்த குன்றில் தடுப்புச் சுவர்கள் சரியாகக் கட்டப்படவில்லை. அங்கே ஓடிய ஓடை குழாய்க்குள் திருப்பிவிடப்பட்டிருந்தது. மேலே வேறொரு திட்டத்துக்காக மரங்கள் அகற்றப்பட்டு நிலம் வெறுமையாகக் கிடந்தது. எல்லா நீரும் அந்தச் சரிவில் இறங்கி, மண் நகர்ந்து, கட்டடத்தின் அடித்தூண்களைப் பக்கவாட்டில் தள்ளியது. மேலிருந்து வரும் எடையைச் சுமக்க ஊன்றிய தூண்கள் பக்கவாட்டில் தள்ளும் மண்ணைத் தாங்கும்படி அமைக்கப்பட்டிருக்கவில்லை.

எஞ்சிய இரு கட்டடங்களின் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, மலையில் வீடு வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுப்பு பலருக்கும் பங்கிடப்பட்டது. மேம்பாட்டாளருக்கு 15 விழுக்காடு, வரைவாளருக்கும் பொறியாளருக்கும் தலா 10 விழுக்காடு, நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு, மேலே நிலத்தைத் திருத்திய தரப்புக்கு 20 விழுக்காடு. ஆகப் பெரிய பங்கான 30 விழுக்காடு யாருக்குத் தெரியுமா? பின்புறக் குன்றின் நிலத்துக்கு உரிமையாளராக இருந்த நிதி நிறுவனத்துக்கு. அதாவது, வீடு இழந்தவர்கள் வாங்காத, அவர்கள் எந்த உரிமையும் கொண்டிராத ஒரு நிலம்தான் அவர்களுடைய வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ஊராட்சி மன்றங்களுக்குத் தரும் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டி, நகராண்மைக் கழகத்தின் மீதான பொறுப்பை முழுவதுமாக நீக்கியது. “மன்றம் அனுமதி கொடுத்திருக்கிறதே, பிறகென்ன பயம்” என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் நான் நினைவூட்டுகிறேன். அனுமதி கொடுத்தவர் பிற்பாடு இழப்பீடும் கொடுப்பார் என்று பொருள் இல்லை.

அந்த விபத்தோடு நின்றுவிடவும் இல்லை. அதே வட்டாரத்தில் 2002 நவம்பரில் தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களா மண்ணில் புதைந்து எட்டுப் பேர் மாண்டார்கள். 2008 டிசம்பர் 6 அன்று புக்கிட் அந்தாராபங்சாவில் 14 வீடுகள் அழிந்தன. சாலை மண்ணுக்குள் போனதால் மேலே இருந்த ஆயிரக்கணக்கானோர் வெளியேற வழியின்றித் தவித்தார்கள். பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் 2017 அக்டோபரில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த தளத்திலேயே சரிவு விழுந்து 11 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்த வீடுகளில் ஒருநாளும் குடியிருக்கப் போகாதவர்கள் அவர்கள். தளங்களில் அவர்களோடு சேர்ந்து உண்டு உழைத்தவன் என்ற முறையில், மலைவீட்டின் விலையைக் கணக்கிடும்போது இந்த உயிர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட என்னால் முடியவில்லை.

இந்தத் தேதிகளைக் கவனித்தால் அக்டோபர் முதல் டிசம்பர்வரை என்று வரிசையாக வருகிறது. நம் குன்றுகளில் பெரும்பாலானவை கருங்கல் சிதைந்து உருவான செம்மண்ணால் போர்த்தப்பட்டவை. அந்த மண் காய்ந்தும் காயாமலும் இருக்கும்வரை உறுதியாக நிற்கும். கடற்கரையில் இலேசான ஈரமணலில் பிள்ளைகள் கட்டும் கோட்டை நிற்பதும், அதிகமாக நீர் ஊற்றினால் அது கரைந்துவிடுவதும் போலத்தான் இதுவும். பல நாள் மழையில் நீர் ஆழமாக இறங்கி மண்ணின் பிடிமானத்தைத் தளர்த்திய பிறகுதான் சரிவு விழுகிறது. ஆகவே சரிவின் பாதுகாப்பு என்பது முதன்மையாக நீரை வெளியேற்றும் வேலை. தொடங்கும் நாளில் எவ்வளவு சிறப்பாகக் கட்டியிருந்தாலும், அந்த வேலை ஆண்டுதோறும், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், கட்டடம் நிற்கும் காலம்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மலைமேல் ஏற்கெனவே மக்கள் குடியேறிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன ஏதேனும் ஒரு கொண்டோவுக்குப் போய், வரவேற்புக் கூடத்தைப் பார்க்காமல் பின்பக்கம் நடந்து செல்லுங்கள். தடுப்புச் சுவரில் வரிசையாகச் சிறு குழாய்கள் பதித்திருப்பார்கள். மழை விட்ட மறுநாள் அவற்றிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. குழாய் தன் வேலையைச் செய்கிறது. நீர் கலங்கலாக வந்தால் சுவருக்குப் பின்னாலிருந்து மண் அரித்துக்கொண்டு வெளியேறுகிறது என்று பொருள். கடும் மழைக்குப் பிறகும் எல்லாக் குழாய்களும் வறண்டே கிடந்து, சுற்றிலும் சுவர் மட்டும் ஈரம் பூத்திருந்தால் அவை அடைத்துக்கொண்டிருக்கலாம். அது இன்னும் மோசம். நான் அண்மையில் பார்த்த ஓரிடத்தில் படிக்கட்டு வடிகாலை இலைச்சருகு முக்கால் பங்கு நிரப்பியிருந்தது. அதன் நடுவில் கைப்பெருவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வடிகாலில் ஓடவேண்டிய நீர் அந்த வெடிப்பு வழியாக நேராகச் சரிவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதே கட்டடத்தின் நீச்சல்குளம் பளிங்குபோலச் சுத்தமாக இருந்தது.

அந்த நிர்வாகக் குழுவை நான் திட்டவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் பொறியாளர்கள் அல்லர். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் கூட்டு உடைமை) நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காட்டை சிங்கிங் ஃபண்ட் என்ற இருப்புநிதிக்கும் கட்டுகிறார்கள். லிஃப்ட் மாற்றுவதும் சுவருக்குச் சாயம் பூசுவதும் அந்தப் பணத்தில்தான். சமநிலத்துக் கொண்டோவுக்குப் போதுமான இந்தக் கணக்கு, தடுப்புச் சுவர்களையும் மண்ணுக்குள் செலுத்திய இரும்புக் கம்பிகளையும் நீரழுத்தம் அளக்கும் கருவிகளையும் சேர்த்துப் பராமரிக்க வேண்டிய மலைக் கொண்டோவுக்கு எப்படிப் போதும்? கட்டணம் செலுத்தாத வீடுகள் சில எப்போதும் இருக்கும். பற்றாக்குறை வரும்போது கண்ணுக்குத் தெரியும் லிஃப்ட் முதலில் பழுதுபார்க்கப்படும். கண்ணில் படாத சரிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். வீட்டுக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைக்கிறவர்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். நிலச்சரிவுக்கான காப்பு வழக்கமாகத் தனியாகக் கேட்டு, கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டிய ஒன்று.

அன்றாட வாழ்க்கையின் சிரமங்கள் இதற்கு அடுத்தவைதான், ஆனாலும் சிறியவை அல்ல. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே சாலை. பேருந்து மேலே வராது. வயதான அம்மா காலையில் கோயிலுக்கோ கடைக்கோ தானாக நடந்துபோக முடியாது. யாராவது காரில் கூட்டிப்போக வேண்டும். தண்ணீர் வெட்டு முடிந்து விநியோகம் திரும்பும்போது உயரமான இடங்களுக்குக் கடைசியில்தான் வந்து சேரும் என்பதை சிலாங்கூர்வாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஹாங்காங் இதைவிடச் செங்குத்தான மலைகளில் இதைவிட உயரமான கட்டடங்களோடு வாழ்கிறது. 1972 ஜூன் 18 அன்று போ ஷான் சாலையில் சரிவு விழுந்து குடியிருப்புக் கட்டடத்தை அடித்துச் சென்றதில் 67 பேர் மாண்டார்கள். அதே நாளில் சாவ் மாவ் பிங்கில் 71 பேர். அதன் பிறகு 1977இல் சரிவுகளுக்கென்றே ஓர் அரசு அலுவலகத்தை அமைத்தார்கள். இன்று அங்கே மனிதர் அமைத்த ஏறத்தாழ அறுபதாயிரம் சரிவுகளுக்குப் பதிவெண் உண்டு. எண் பொறித்த பலகையைச் சரிவிலேயே காணலாம். எந்தச் சரிவைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பொதுமக்கள் யாரும் தேடித் தெரிந்துகொள்ளலாம். இங்கேயும் 2004இல் பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியல் பிரிவு தொடங்கப்பட்டது. தேசியச் சரிவுப் பெருந்திட்டமும் வகுக்கப்பட்டது. அறிவுக்கும் வல்லுநர்களுக்கும் நம்மிடம் குறையில்லை. வீடு வாங்கும் சாதாரண மனிதரின் கைக்கு அந்தத் தகவல் வந்து சேர்வதில்லை என்பதுதான் குறை. மலையில் வீடு விற்கும் எவரும், விற்பனை ஒப்பந்தத்தோடு சரிவின் வகைப்பாடு, உரிமையாளர், பராமரிப்பு அட்டவணை, ஆண்டுச் செலவு மதிப்பீடு ஆகியவற்றையும் இணைத்தே தர வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் நாம் இதைக் கேட்க வேண்டும்.

என் தம்பி மகளுக்கு நான் “வேண்டாம்” என்று சொல்லவில்லை. விற்பனைக் கூடத்தில் நான்கு கேள்விகளை எழுத்து மூலமாகக் கேட்கச் சொன்னேன்: கட்டடத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் சரிவு எத்தனை பாகை, அதில் 35 பாகையைத் தாண்டும் பகுதி எவ்வளவு? அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, நாளை அங்கே வேறு திட்டம் வரலாமா? சாவியைக் கொடுத்த பிறகு தடுப்புச் சுவர்களைப் பராமரிப்பது யார்? அதற்கென்று தனி நிதி உண்டா? “இதெல்லாம் கேட்டா வாங்குற எண்ணமே இல்லைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா பெரியப்பா?” என்றாள். ஐந்நூறாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் முப்பத்தைந்து ஆண்டுக் கடனில் வாங்குகிற பொருளைப் பற்றிக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை என்றேன். விற்பனைப் பெண் மரியாதையாகவே பேசியிருக்கிறார். முதல் கேள்விக்கு மட்டும் உடனே பதில் கிடைத்தது, மற்றவற்றைத் தலைமையகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பதில் எழுத்தில் வந்ததும் மண் பொறியியலில் அனுபவமுள்ள என் பழைய சக ஊழியர் ஒருவரிடம் காட்டப் போகிறோம். அதுவரை முன்பணம் கட்டுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.